திருடன் இல்லை என்று சொல்லித் திரிகிறேன்

நேற்று மத்தியானம் உன் வீட்டில் சாப்பிட்டேன். வேண்டாம் என்றாலும் தங்கச்சி விடவில்லை. உன் பெண்சாதி என்று சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை, அவள் எனக்கு எப்போதும் தங்கச்சிதான். ரசம் ஊற்றிவிட்டு ஊறுகாய் எடுக்கப் போனாள். மூடியைத் தூக்கியதும் எலுமிச்சையும் வறுத்த வெந்தயமும் சேர்ந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. வாசனையைக் குறை சொல்ல முடியாது. அது வந்த பாத்திரத்தைத்தான் என்னால் பார்க்கப் பொறுக்கவில்லை.

வெள்ளைக்காரன் வீட்டில் சூப்பு ஊற்றிவைக்கிற பீங்கான் சட்டி அது. வயிறு பெருத்து, நீலப் பூங்கொடி சுற்றி ஓடுகிற சட்டி. நீ புதுச்சேரியில் ஏலத்தில் எடுத்து, வைக்கோல் சுற்றி, பிள்ளையை வைத்துக்கொள்வது போல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாயே, அதேதான். சென்னையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைத்து, பெரிய மனிதர்கள் கை தூக்கி விலை கேட்டிருக்க வேண்டிய பொருள். இப்போது அதில் எலுமிச்சங்காய் ஊறுகிறது.

"என்னாண்ணே, உப்பு கம்மியா?" என்றாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது. உன் வூட்டுக்காரன்தான் சரியில்ல."

சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது. அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள். "மாமா, செத்துப்போனவரப் போயி முட்டாளுன்னு எழுதச் சொல்றீங்களே" என்கிறாள். அந்த வரியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். விட்டுவிடவில்லை, கேட்டுக்கொள்.

விருத்தாசலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் நீ மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பீங்கான் செய்கிற ஷெட்டுகளில் இருந்து கப்பு, சாஸர், பொம்மை எல்லாம் வைக்கோல் கட்டிய பெட்டியாக என் தட்டு வண்டியில் வரும். மற்ற கிளார்க்குமார்கள் பெட்டியை எடை போட்டு அனுப்புவார்கள். நீ மட்டும் பெட்டியைத் தட்டிப் பார்ப்பாய். "உள்ள ஒண்ணு ஒடஞ்சிருக்குதுய்யா" என்பாய். பிரித்தால் ஒன்று உடைந்திருக்கும். உன் காதுக்கு அப்படி ஒரு கூர்மை. கண்ணுக்கும் அதே கூர்மை. புத்திக்கு மட்டும் அது எங்கே போயிற்று என்று இன்றுவரை விளங்கவில்லை.

பீங்கான் பைத்தியம் உனக்கு அங்கேதான் பிடித்தது. உள்ளூர்ச் சரக்கில் தொடங்கினாய். பிறகு ரயில்வே பாஸ் இருக்கிறதே என்று காரைக்குடிப் பக்கம், புதுச்சேரிப் பக்கம் எங்கே வீட்டுச் சாமான் ஏலம் போட்டாலும் ஓடினாய். மற்றவன் சினிமாவுக்குப் போகிற நாளில் நீ ஏலத்துக்குப் போனாய். கூட்டிக்கொண்டு போக உனக்கு ஓர் ஆள் வேண்டும், அது நான். வண்டியை நிறுத்திவிட்டு, கூலியை விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் திட்டு வாங்கியது தனிக் கதை.

புதுச்சேரியில் அந்தக் கடலோரத் தெரு வீடு ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் சுவர், உள்ளே முற்றம், முற்றத்தில் மேசை போட்டு வீட்டுக்காரர்களின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பழைய சாமான் வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். நீலப்பூச் சட்டிக்கு ஏலக்காரன் விலை சொன்னான். ஒருவன் கூட்டினான், இன்னொருவன் கூட்டினான். நீ நேராகப் போய்ச் சட்டியைத் தூக்கினாய். மூடியை என் கையில் கொடுத்தாய். சட்டியைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினாய்.

"இந்தாங்க, எல்லாரும் பாத்துக்குங்க. அடியில நீலத்துல குறுக்குக் கோடு போட்டிருக்குது. இது செகண்ட்ஸ். நாங்க விருத்தாசலத்துக்காரங்க, எங்ககிட்ட ஏமாத்த முடியாது. செகண்ட்ஸ் வெலைக்குத் தர்றதா இருந்தா தாங்க."

பேசுகிறவன் பீங்கான் ஊர்க்காரன். சந்தேகம் யாருக்கு வரும்? கூட்டிக் கேட்ட வியாபாரி ரெண்டு அடி பின்னால் போனான். ஏலக்காரன் முகம் வெளுத்து, "சார், எனக்கு இது தெரியாது சார்" என்று உன்னிடமே மன்னிப்புக் கேட்டான். பழைய ஈயப் பாத்திரத்தின் விலைக்கு அது உன் மடிக்கு வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டே வந்தாய். "மூஞ்சியப் பாக்காதய்யா, அடியப் பாரு" என்றாய். அது உன் வேதவாக்கு.

நம் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதை மருமகளிடம் விளக்கிச் சொன்னேன். சூளையில் இருந்து சரக்கு இறக்கினதும் மேஸ்திரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்ப்பார். கோணல், கொப்புளம், பூச்சில் ஊசித்துளை என்று ஏதாவது இருந்தால் கவிழ்த்து, அடியில் நீலப் பென்சிலால் குறுக்காக ரெண்டு கோடு போட்டு ஒதுக்கிவிடுவார். கோடு விழுந்தது கழிசல், ரோட்டோரக் கடைக்குப் போகும். கோடு விழாதது நல்ல சரக்கு, பெட்டிக்குப் போகும். அடியில் ஒன்றும் இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் மரியாதை. இந்த ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் அதுதான் தெரியும்.

வெள்ளைக்கார தேசத்தில் நேர்மாறாக நடக்கிறது என்பது அப்போது நம் இரண்டு பேருக்குமே தெரியாது. அங்கே உசந்த சரக்குக்குத்தான் அடியில் குறி போடுவார்களாம். இது இன்னார் செய்தது என்று நெஞ்சை நிமிர்த்திப் போடுகிற முத்திரையாம் அது. அதிலும் அந்த நீலக் குறுக்குக் கோடு உலகத்திலேயே பேர்போன ஒரு பட்டறையின் முத்திரையாம். அதைத் தேடித்தான் கோடீஸ்வரன் சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறானாம்.

நீ வாங்கி வந்த ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ ஒன்று இருந்தது. ஒன்றில் நங்கூரம், ஒன்றில் கிரீடம், ஒன்றில் தேனீ மாதிரி ஏதோ. நீ அவற்றையெல்லாம் வரிசையாகக் கவிழ்த்துவைத்துக்கொண்டு பரிதாபப்பட்டாய். "பாருய்யா, ஒவ்வொரு ஷெட்டுக்காரனும் ஒவ்வொரு மாதிரி கழிச்சிருக்கான். நல்ல சரக்கையெல்லாம் அவன் வெச்சிக்கிட்டு, கழிச்சதத்தான் நம்ம ஊருக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்கான், களவாணிப் பய." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெள்ளைக்காரன் அப்படிச் செய்யக்கூடியவன்தான்.

அதோடு விட்டிருக்கலாம். "செகண்ட்ஸுன்னா செகண்ட்ஸா இருந்துட்டுப் போவுது, வுடுய்யா" என்று நான் சொன்னேன். நீ விடுகிற ஆளா? ஏலத்தில் எடுத்த, பாவாடை விரித்த அந்த வெள்ளைக்காரப் பொம்மைப் பெண்ணைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இவளுக்கு என்னா கொறையின்னு குறி போட்டான்? கை கோணலா, காலு கோணலா? எவனோ மேஸ்திரி காலையில பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுட்டு வந்து போட்டிருப்பான். அதுக்கு இவ காலம் பூரா சொமக்கணுமா?" என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. ஒரு பொம்மைக்காகக் குரல் கம்முகிறவனிடம் யார் என்ன பேசுவது?

ஈர எமரித் தாளை வைத்துக்கொண்டு லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தேய்த்தாய். நங்கூரம் போனது, கிரீடம் போனது, நீலக் கோடு போனது. தேய்த்த இடத்தில் கண்ணாடிப் பூச்சு தடவி, தெரிந்த ஷெட்டுக்காரரைக் கெஞ்சி, சூளையில் ஒரு மூலையில் வைத்துச் சுட்டு எடுத்தாய். நீலப்பூச் சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் சாயம் பூச்சுக்கு அடியில் இருந்தது. பொம்மைக்கு மேலே எழுதின சாயம். சூளையைத் திறந்தபோது அவளுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, கன்னத்துச் சிவப்பு இல்லை. முட்டைக்குப் பாவாடை கட்டிய மாதிரி நின்றாள். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். ஷெட்டில் கிருஷ்ணர் பொம்மைக்குக் கண் எழுதுகிற அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி ஏன் சார் இடிஞ்சு போறீங்க, குடுங்க" என்று வாங்கி எழுதிக்கொடுத்தாள். வில் மாதிரி புருவம், மை தீட்டின கண். அதற்கப்புறம் அந்தச் சீமைப் பெண் பழமலைநாதர் கோயில் வாசலில் பூ விற்கிறவள் ஜாடையில் ஆகிவிட்டாள். உனக்கு அது முன்பைவிடப் பிடித்துப்போயிற்று. உன்னை என்ன செய்ய?

நீ போனபிறகு தங்கச்சி காசுக்காக எதையும் விற்க நினைக்கவில்லை. ஒண்டியாக இத்தனை பீங்கானைத் துடைத்து மாளவில்லை என்றுதான் சென்னை ஏலக் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னாள். வந்து கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ரொம்ப சந்தோஷமாகப் போனார்கள். பிறகு போன் வந்தது. பேசினது அங்கே பொருளைப் பரிசோதிக்கிற ஓர் அம்மா. ஒலியைப் பெரிதாக வைத்திருந்ததால் நானும் கேட்டேன். எல்லாவற்றிலும் அடியில் முத்திரையைத் திட்டம் போட்டு அழித்திருக்கிறது, எங்கேயோ அரண்மனையிலோ மியூசியத்திலோ களவு போன பொருளாக இருக்குமோ என்று சந்தேகம், அதனால் ஏலத்தில் வைக்க முடியாது என்றாள். புதுச்சேரியில் ஒரு கிழட்டு வியாபாரியை விசாரித்தார்களாம். அவன் உன்னை மறக்கவில்லை. "கெட்டிக்காரருங்க. நல்ல பொருள கழிசல்னு சொல்லி சபையையே ஏமாத்தி வாங்கிட்டுப் போனாரு" என்றானாம்.

தங்கச்சி போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "ஏண்ணே, அவரு எங்கியாச்சும் எடுத்துக்கிட்டு வந்துட்டாரா?" என்று என்னிடம் கேட்டாள். உன்னோடு குடித்தனம் பண்ணினவள் கேட்டாள். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு, நீ உயிரோடு இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

பொருள் எல்லாம் திரும்பி வந்தது. விஷயமும் பின்னாலேயே ஊருக்குள் வந்தது. கம்மாபுரத்தில் இருந்து அவள் தம்பி பைக்கில் பறந்து வந்தான். கேஸு கீஸு வந்தால் அக்கா தலையில் விழும், கொல்லையில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்துவிடலாம் என்றான். மண்வெட்டியையும் எடுத்துவிட்டான்.

"தம்பி, மண்வெட்டியக் கீழ போடு. அந்த அம்மாவை இங்க வரச்சொல்லு, நான் பேசுறேன்" என்றேன்.

"நீங்க என்னா மாமா பேசுவீங்க? அவங்கெல்லாம் படிச்சவங்க."

"தெரிஞ்சதப் பேசுறேன்."

அந்த அம்மா நல்லவள்தான். போன் போட்டுக் கூப்பிட்டதும் மறுக்காமல் ரயிலேறி வந்தாள். உன் கூடத்தில் உட்கார்ந்து, பொம்மையைக் கவிழ்த்து, வழவழவென்று இருந்த அடியை விரலால் தடவிக் காட்டினாள்.

"ஐயா, முத்திரையை அழிக்கிறவங்க ரெண்டு பேர்தான். திருடினவங்க, இல்லன்னா போலி செய்யறவங்க."

"மூணாவதா ஒருத்தன் இருந்தாம்மா. வாங்க காட்டுறேன்" என்று ஆட்டோவில் ஏற்றினேன். தங்கச்சியும் ஏறிக்கொண்டாள்.

ரோட்டோரத்தில் செகண்ட்ஸ் குவித்து விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரி என்ன ஏது என்று கேட்கவில்லை, வியாபாரம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அம்மாவிடம் ஒரு கப்பை எடுத்துக் கவிழ்க்கச் சொன்னேன். அடியில் நீலக் குறுக்குக் கோடு. இன்னொன்றை எடுத்தாள். அதிலும். ஜாடியை எடுத்தாள். அதிலும். குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் கழிசலுதாம்மா, அதான் குறி போட்டிருக்குது. ஆனா காப்பி ஒழுகாது, வாங்கிக்குங்க" என்றாள் கடைக்காரி. அந்த அம்மா அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கச்சி கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் நம்பறேன். உங்க வீட்டுக்காரர் மேல எந்தப் புகாரும் நாங்க எழுதப் போறதில்ல. ஆனா பொருளை விற்க முடியாது. வாங்கறவங்ககிட்ட இந்தக் கதைய யார் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அவ்வளவு சுத்தமா அழிச்சிருக்கார். தெரியாதவர் கை மாதிரியே இல்ல."

கேட்டாயா? நீ அரைகுறையாகத் தேய்த்திருந்தால் முட்டாள் என்று தப்பித்திருப்பாய். நேர்த்தியாகச் செய்ததால்தான் திருடனானாய்.

திரும்பி வருகிற வழியில் ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, திருடம் பொண்டாட்டியா இருக்கறதுக்கு முட்டாளு பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். அது எனக்குப் பழக்கந்தான்." அந்த அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரிக்கிறாளா என்னவென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி தம்பி எடுத்துப்போட்டிருந்த மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தாள். "திருட்டுச் சொத்துன்னாத்தான் ஒளிக்கணும். இது எங்க வூட்டுச் சாமான். பொழங்கப் போறேன்" என்றாள். அன்றைக்கே எலுமிச்சங்காய் நறுக்க உட்கார்ந்தாள். பொம்மைப் பெண் வாசல் ஜன்னலில், போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி நிற்கிறாள். எது எது எந்த அரண்மனைக்குப் போயிருக்க வேண்டியதோ, எல்லாம் இப்போது அடுப்பங்கரையில் இருக்கிறது. உனக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் தலை நிமிர்ந்து குழாயடிக்குப் போகிறாள், அது போதும்.

அவளுக்குத் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை.

ஊர்க்காரனுக்குப் பார், நீ திருடன் என்பதில் ஒரு வருத்தமும் இல்லை. பெருமைதான். பார்சல் ஆபீஸில் சாதுவாக உட்கார்ந்திருந்தவன் ஒரு ஜமீனையே காலி பண்ணியிருக்கிறான் என்று உன் மரியாதை கூடியிருக்கிறது. நீ இருந்தபோது உன்னைத் திரும்பிப் பார்க்காதவன் எல்லாம் உன் போட்டோவைக் கேட்கிறான். நான் நிஜத்தைச் சொன்னால் சப்பென்று ஆகிவிடுகிறது அவர்களுக்கு. இன்று காலையில் ஜங்ஷன் டீக்கடையில் அப்படித்தான் ஒருத்தன்.

"பெரியவரே, உங்க கூட்டாளி எந்த அரமனையில கை வெச்சாரு?"

ஆரம்பத்தில் இருந்து சொன்னேன். மேஸ்திரி, நீலப் பென்சில், புதுச்சேரி முற்றம், எமரித் தாள், கண் இல்லாத பொம்மை, ஒன்று விடவில்லை. பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு என் தோளில் தட்டினான்.

"சரிதான் பெரியவரே. நீங்களா கூட்டாளியக் காட்டிக் குடுப்பீங்க?"

உன்னோடு இருந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் எனக்குத்தான் தெரியும். உன்னோடு இருந்தவன் என்பதாலேயே நான் சொன்னால் எடுபடாது. மருமகள் சொல்கிறாள், விட்டுவிடுங்கள் மாமா, ஊர் தானாக மறந்துவிடும் என்று. மறக்காது. நானும் விடமாட்டேன். இப்போது அந்த வரியை எழுதம்மா என்று சொல்லிவிட்டேன், எழுதிவிட்டாள்: நீ ஒரு முட்டாள். உலகத்தில் எவனும் ஒரு பொம்மைக்காகப் பரிந்துகொண்டு இவ்வளவு பெரிய சொத்தைத் தேய்த்து அழித்ததில்லை.

நாளைக்கும் ஜங்ஷனுக்குப் போவேன். எவனாவது கேட்பான், மறுபடி மேஸ்திரியில் இருந்து தொடங்கவேண்டும். நீ எனக்கு வைத்துவிட்டுப் போனது இந்த ஒரு வேலைதான். உன்னால் தினமும் என் டீ ஆறிப்போகிறதய்யா.